டிஸ்க் வளைஞ்சுபோச்சா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

வண்டலூர் மேம்பாலத்தில் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. முன்னால் போகும் பஸ் திடீரென்று ஒதுங்குகிறது. பிரேக்கில் கால் வைத்ததுமே ஸ்டீயரிங் 'கடகட'வென்று கையில் ஆடுகிறது. பெடலும் காலடியில் துடிக்கிறது. வேகம் 40-க்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கிவிடுகிறது. பின் சீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுபவருக்கு மட்டும் வயிற்றில் புளி கரைகிறது.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு சார். ரெண்டு டிஸ்க், பேடு எல்லாத்தையும் மாத்திடலாம்." மாற்றுகிறார்கள். கார் வெண்ணெய் மாதிரி நிற்கிறது. நான்கைந்து மாதம் கழித்து, அதே மேம்பாலத்தில் அதே ஆட்டம் மறுபடியும் வருகிறது!

இரண்டாம் முறை செலவு செய்யும்போதுதான் சந்தேகம் வருகிறது. புது டிஸ்க் எப்படி இவ்வளவு சீக்கிரம் வளையும்? உண்மையில், பழைய டிஸ்க்கே வளைந்திருக்காமல் இருக்கலாம். நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகியிருக்கலாம்.

ஒரு பிரேக், ஒரு லிட்டர் வெந்நீர்

டிஸ்க் பிரேக்கின் வேலை எளிமையானது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். பெடலை மிதித்ததும், காலிப்பர் என்கிற கவ்வி இரண்டு பக்கமும் இரண்டு பேடுகளை அந்தத் தட்டின் மேல் அழுத்துகிறது. உராய்வில் வேகம் குறைகிறது. அந்த வேகம் எங்கே போகிறது? எல்லாம் சூடாக மாறுகிறது.

எவ்வளவு சூடு? ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நின்றால், கிட்டத்தட்ட 300 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பம் அது. அடுப்பில் வைத்தால் சில நிமிடம் பிடிக்கும். பிரேக் அதை நான்கைந்து நொடியில் செய்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 40-ல் நிறுத்துவதைவிட 80-ல் நிறுத்தும்போது பிரேக்குக்கு நான்கு மடங்கு வேலை. அதில் பெரும்பங்கைத் தாங்குவது முன் சக்கரங்கள்தான். பிரேக் போட்டதும் காரின் எடை முன்னால் சாய்வதே காரணம். அதனால்தான் நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று இருக்கிறது.

வளைவு இல்லை, திட்டு!

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. சாதாரண ஓட்டத்தில் அது அப்பளம்போல வளைந்து நெளிந்துவிடாது. ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார் அணியில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் கேரல் ஸ்மித், இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். 'வளைந்த டிஸ்க்' என்று தன்னிடம் வந்தவற்றை ஆராய்ந்தபோது, பந்தயக் கார் என்றாலும் சாலைக் கார் என்றாலும், உண்மையான கோளாறு டிஸ்க்கின் மேல் பேடு சமமில்லாமல் ஒட்டியிருந்ததுதான் என்பது அவருடைய முடிவு.

பேடு டிஸ்க்கைத் தேய்க்க மட்டும் செய்வதில்லை. தன் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் பூசவும் செய்கிறது. தோசைக்கல்லைப் பழக்குவதுபோலத்தான். எண்ணெய் சீராகப் பரவினால் தோசை அழகாக எழும். ஓரிடத்தில் திட்டாகப் படிந்தால் ஒவ்வொரு தோசையும் அங்கேயே ஒட்டும். டிஸ்க்கிலும் அப்படித்தான். படலம் சீராக இருந்தால் பிரேக் மெத்தென்று பிடிக்கும். ஓரிடத்தில் தடித்தால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டு பேடை உதைக்கும். அந்த உதைதான் ஸ்டீயரிங்கில் ஆட்டமாக வருகிறது.

திட்டு எவ்வளவு தடிமன் இருந்தால் தெரியும்? 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே பல கார்களில் ஆட்டத்தைக் கிளப்பப் போதும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கையால் தடவிப் பார்த்தோ, கண்ணால் பார்த்தோ 'வளைஞ்சிருக்கு' என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

திட்டை அப்படியே விட்டால் நிலைமை மோசமாகும். தடித்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகும். சூடான இடத்தில் இன்னும் பொருள் ஒட்டும். வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வார்ப்பிரும்பின் அமைப்பே அந்த இடத்தில் மாறி, கல்போல இறுகிவிடும். அதற்குப் பிறகு லேத்தில் கொடுத்துக் கடைந்தாலும் ஆட்டம் திரும்ப வரும். அந்த டிஸ்க்குக்கு விடை கொடுப்பதுதான் ஒரே வழி.

பரனூர் டோலில் பதியும் முத்திரை

இந்தத் திட்டு எங்கே உருவாகிறது? தாம்பரத்துக்காரர்களுக்குத் தெரிந்த இடங்களில்தான்.

தொடர் விடுமுறை முடிந்து திண்டிவனம் பக்கமிருந்து திரும்புகிறீர்கள். 100-ல் வந்த கார், பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் அழுத்தமாக பிரேக் போட்டு நிற்கிறது. டிஸ்க் கொதிக்கிறது. வரிசை நகரவில்லை. நீங்களோ பிரேக் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொதிக்கும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பேடு அழுந்தி நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? அதே கதைதான். பேடின் வடிவம் டிஸ்க்கில் முத்திரையாகப் பதிகிறது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தும்போதும் இதேபோல நடக்கலாம். பின்னாலும் டிஸ்க் இருக்கும் கார்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்கே பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

தீர்வு கஷ்டமில்லை. மலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சூடான பிரேக்கோடு நிற்க நேர்ந்தால், சமதளமாக இருந்து முன்னாலும் பின்னாலும் இடைவெளியும் இருந்தால், பெடல் அழுத்தத்தைக் குறைத்து காரைக் கையகலம் நகர விடுங்கள். அடிவாரத்தில் நிறுத்தும் முன், கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக, பிரேக் அதிகம் போடாமல் வாருங்கள். காற்றே டிஸ்க்கை ஆற்றிவிடும். கொதிக்கும் சக்கரத்தின் மேல் உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

நான்கு மாதம் கழித்து ஏன் திரும்ப வருகிறது?

புது டிஸ்க் போட்டும் ஆட்டம் திரும்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது டிஸ்க்கில் இல்லை, டிஸ்க் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

டிஸ்க், ஹப் என்கிற இரும்பு முகப்பின் மேல் உட்கார்கிறது. கடலோரக் காற்றும் மழையும் சேர்ந்து அந்த ஹப் முகப்பில் துரு ஏற்றிவிடும். மெக்கானிக் அதைச் சுரண்டாமல் அப்படியே புது டிஸ்க்கை மாட்டினால், ஒரு துருத் துணுக்கு போதும். மேஜையின் ஒரு காலுக்கடியில் கூழாங்கல் மாட்டிக்கொண்டதுபோல டிஸ்க் லேசாகச் சாய்ந்து உட்காரும். சக்கரம் சுற்றும்போது டிஸ்க் இடம் வலமாக ஆடும். ஆட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முதல் நாள் உங்களுக்கு எதுவும் தெரியாது.

ஆனால், பிரேக் போடாமல் போகும்போதுகூட ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். தடிமனில் வித்தியாசம் வந்ததும் ஸ்டீயரிங் ஆட ஆரம்பிக்கும். "புது டிஸ்க்கும் வளைஞ்சுபோச்சு" என்று எல்லோரும் நினைப்பது அப்போதுதான்.

வீல் நட்டுகளும் இதே வம்பைச் செய்யும். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்'ரென்று ஒரு நட்டை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் முடுக்கினால், டிஸ்க் கோணலாக இறுகும். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். பல சின்ன கார்களுக்கு இது 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். வெளியூர்ப் பயணத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால், ஊர் திரும்பியதும் நட்டுகளைத் தளர்த்திச் சரியாக முடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எல்லா ஆட்டமும் டிஸ்க் ஆட்டம் இல்லை. ஷெட்டுக்குப் போவதற்கு முன் நீங்களே கவனிக்க வேண்டியவை இவை.

*பிரேக் போட்டால் மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறதா?* முன் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

*ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, சீட்டும் பெடலும் மட்டும் துடிக்கின்றனவா?* பின் சக்கரத்தைப் பாருங்கள். டிரம் வட்டம் தப்பியிருக்கலாம்.

*பிரேக் போடாமலே 80, 90-ல் ஆடுகிறதா?* முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள். டயரையும் பாருங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம்.

*அவசர பிரேக்கில், அதுவும் ஈரச் சாலையில் மட்டும் 'டக்டக்'கென்று பெடல் உதைக்கிறதா?* அது ஏபிஎஸ். தன் வேலையைச் செய்கிறது. காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், பழைய காரிலிருந்து மாறியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

*கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுடுகிறதா?* காலிப்பர் இறுகியிருக்கலாம். டிஸ்க் மாற்றினாலும் இது சரியாகாது.

*மழைக்கு மறுநாள் காலை, முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் 'கரகர' சத்தமா?* ராத்திரியில் டிஸ்க்கின் மேல் படிந்த துரு. தானே போய்விடும்.

*'கீச்' என்ற சத்தம் விடாமல் வருகிறதா?* பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. பேடு தீரப் போகிறது. இரும்பும் இரும்பும் உரசும் சத்தமாக மாறினால், பேடு தீர்ந்தேவிட்டது.

*பெடல் மெத்தென்று அமுங்கி அடிவரை போகிறதா?* அந்தக் காரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் கசிவோ, காற்றோ இருக்கலாம். 'மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்று துணியவே வேண்டாம்.

அளக்காமல் மாற்ற வேண்டாம்

டிஸ்க்தான் என்று முடிவானால், மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அளந்து பார்த்தீங்களா அண்ணே?"

அளவு இரண்டு விதம். முதலாவது, டயல் கேஜ். டிஸ்க்கை ஹப்பில் இறுக்கமாக மாட்டி, முள் வைத்துச் சுழற்றினால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். பெரும்பாலான கார்களுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. இரண்டாவது, மைக்ரோமீட்டர். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் தடிமனை அளந்தால், எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று புரியும். பத்து நிமிட வேலை. இந்தக் கருவிகள் இல்லாத ஷெட்டில் டிஸ்க் மாற்றும் முடிவை எடுக்காமல் இருப்பது நல்லது.

அளவு கையில் வந்ததும் வழிகள் நான்கு. செலவு குறைந்ததிலிருந்து பார்க்கலாம்.

ஒன்று: டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகப்பையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, நட்டுகளைச் சரியான அளவில் முடுக்குவது. டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்த்தாலும் சில நேரம் ஆட்டம் குறையும்.

இரண்டு: திட்டு லேசாக இருந்தால், பின்னால் சொல்லப்போகும் 'பழக்கும்' முறையில் பிரேக் போட்டுப் படலத்தைச் சீராக்கப் பார்க்கலாம்.

மூன்று: லேத்தில் கடைவது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் கடையலாம். புது டிஸ்க்குக்கும் தள்ள வேண்டிய டிஸ்க்குக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. 'இன்னும் கொஞ்சம் ஓடும்' என்ற பேச்சு இந்த இடத்தில் மட்டும் செல்லாது.

நான்கு: மாற்றுவது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால், விரிசல் இருந்தால், நீலம் பாரித்த இறுகல் புள்ளிகள் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புது டிஸ்க்குக்குப் புது பேடு. பழைய பேடில் பழைய டிஸ்க்கின் தேய்மானத் தடம் இருக்கும். அது புது டிஸ்க்கையும் கெடுத்துவிடும்.

எந்த பேடு வாங்குவது?

பேடு விஷயத்தில் சென்னைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பாடியில் 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது பிரேக்ஸ் இந்தியா. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனத்தின் வேரும் பாடியில்தான். அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் ஆலை. தாம்பரத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் ஒரகடத்தில், வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், கடையில் பலர் கேட்பது "எது சீப்பா இருக்கு?" என்பதைத்தான்.

பேடில் மூன்று வகை. ஆர்கானிக் வகை இழைகளும் பிசினும் கலந்தது. மெதுவானது, சத்தமில்லாதது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. ஆனால், மலை இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். செமி மெட்டாலிக் வகையில் இரும்பு இழைகள் அதிகம். வெப்பத்தைத் தாங்கும்; மலைப் பயணம், கனமான எஸ்யுவி, முழுச் சுமை ஆகியவற்றுக்கு ஏற்றது. பதிலுக்குச் சத்தமும் கறுப்புத் தூளும் அதிகம், டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். செராமிக் வகை அமைதியானது, சக்கரத்தில் தூள் படியாது, விலை அதிகம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜிஎஸ்டி சாலையில் நின்று நின்று போகும் குடும்பக் காருக்குப் பந்தயக் கார் பேடு எதற்கு? அந்த வகை, சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் ஓடிவரும் குழந்தைக்காகப் போடும் முதல் பிரேக்கில், அது சூடாகியிருக்காது. கம்பெனியிலிருந்து காரோடு வந்த அதே வகையைப் போடுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. அந்த காரின் எடை, காலிப்பர், ஏபிஎஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி தேர்ந்தெடுத்தது அது.

பேடின் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ அச்சிட்டிருக்கும் குறியீட்டில், சில பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது பிடியின் அளவு. முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாவது அதிக வெப்பத்திலும் பேடு எப்படிப் பிடிக்கும் என்று சொல்கிறது. 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப்எஃப்' என்றால் குளிர்ந்திருந்தாலும் சூடானாலும் ஒரே வரம்பில் பிடிக்கும் என்று பொருள். 'எஃப்இ' என்றால் சூடானதும் பிடி ஒரு படி இறங்கும். அதிக எழுத்து என்றால் அதிகத் தரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் காரில் முன்பு எது இருந்ததோ அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஐரோப்பாவில் மாற்று பேடுகளுக்கு 'ஆர் 90' என்று ஒரு விதி உண்டு. ஒரிஜினல் பேடின் செயல்பாட்டிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் சாரம். பெட்டியில் அந்தக் குறி இருந்தால், சோதித்துப் பார்த்த பொருள் என்று நம்பலாம்.

போலியை எப்படித் தவிர்ப்பது?

எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி எழும்பூரில் இறங்கி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஸ்பேர் பார்ட்ஸ் தேடுவது சென்னைக்காரர்களின் பழக்கம். கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் அது சரி. பேடு விஷயத்தில் பழைய பொருளும் வேண்டாம், பில் இல்லாத பொருளும் வேண்டாம்.

அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா? பார்ட் நம்பர், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை அச்சாகியிருக்கிறதா? கியூஆர் கோடு இருந்தால் கடையிலேயே போனில் ஸ்கேன் செய்யுங்கள். நான்கு பேடின் நிறமும் அச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்புத் தகட்டோடு பேடு ஒட்டியிருக்கும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். ஓடும்போது அது கழன்று வந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை என்று அர்த்தம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. பேடைக் கழற்றும்போது காற்றடித்துத் தூளைப் பறக்கவிடும் பழக்கத்தை விட்டால், முதலில் தப்பிப்பது மெக்கானிக்கின் நுரையீரல்தான். ஈரத் துணியோ, பிரேக் கிளீனரோ போதும்.

மாட்டும்போது காலிப்பர் நகரும் பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸை மட்டும் போடச் சொல்லுங்கள். பின் இறுகிப்போனால் ஒரு பேடு சீக்கிரம் தேய்ந்து, அடுத்த ஆட்டத்துக்கு அங்கேயே அச்சாரம் போட்டுவிடும்.

புது பேடைப் பழக்குங்கள்

புது பேடு மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. படலம் சீராகப் படிய வேண்டும். பின்னால் வண்டி வராத, காலியான சாலை ஒன்றில், விடிகாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு நிதானமாக பிரேக் போட்டு இறக்குங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் அதேபோல. எட்டு முதல் பத்து முறை போதும். பிறகு ஐந்து, பத்து நிமிடம் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேடு கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு, அவசரம் தவிர அழுத்தமான பிரேக் வேண்டாம். புது தோசைக்கல்லில் முதல் நாளே விருந்துக்குச் சுடுவதில்லையே!

வெள்ளத்துக்குப் பிறகு

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ மழை கொட்டியதையும், முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த நினைவு வரும். தேங்கிய நீரில் ஓட்டி வெளியே வந்ததும், மெதுவான வேகத்தில் பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தி ஈரத்தை உலர்த்துங்கள். சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற கார் என்றால் டிரம்மைத் திறந்து சேற்றை எடுக்க வேண்டும். காலிப்பர் பின்களைப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும்.

வெள்ளமே வராவிட்டாலும் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. 'டாட் 4' வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடிவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க்கில் துரு ஏறும். அவ்வப்போது, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் அழுத்தமாக பிரேக் போட்டு டிஸ்க்கைத் துடைத்துவிடுங்கள்.

பைக் டிஸ்க்கின் கதை மட்டும் வேறு. அது மெல்லிய தட்டு, நிஜமாகவே வளையும். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்து மோதினாலோ, டிஸ்க் லாக்கை எடுக்க மறந்து வண்டியை நகர்த்தினாலோ போதும். அதை அடித்து நிமிர்த்த முயற்சி வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை

பிரேக் வேலை முடிந்து காரை எடுக்கும்போது, பழைய டிஸ்க்கையும் பேடையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். டிஸ்க்கின் ஆட்டமும் தடிமனும் எவ்வளவு இருந்தன, ஹப் சுத்தம் செய்தார்களா, நட்டுகளை எந்த அளவில் முடுக்கினார்கள், பேடின் பார்ட் நம்பர் என்ன என்ற நான்கையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் வேலையைப் புரிந்துகொள்ளும் வாடிக்கையாளர் கிடைத்தார் என்று சந்தோஷப்படுவார். அந்தத் தாளைக் காரின் டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்டீயரிங் ஆடினால், எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.